பிற மதங்களைக் கிறிஸ்தவ வாலிபருக்குக் கற்பிப்பது: பயம் எங்கே, பிரச்சினை எங்கே?

வாலிபர் கூடுகையில் "அடுத்த சில வாரங்கள் இஸ்லாம், இந்து சமயம், பௌத்தம், நாத்திகம் பற்றிப் படிக்கப்போகிறோம்" என்று அறிவித்தால் உடனே இரண்டு குரல்கள் எழும். "பிள்ளைகள் நம் வேதத்தையே முழுசாகப் படிக்கவில்லை, அதற்குள் இது எதற்கு?" என்பது ஒன்று. "எல்லா மதமும் நல்லதைத்தான் சொல்கிறது, இதில் பாடம் நடத்த என்ன இருக்கிறது?" என்பது இன்னொன்று. இரண்டும் நேரெதிர்த் திசையிலிருந்து வந்தாலும் முடிவு ஒன்றுதான்: பாடம் வேண்டாம்.

இந்தக் குழப்பத்தில் பாதி, வெவ்வேறு மூன்று வேலைகளை ஒரே பெயரில் அழைப்பதால் வருகிறது. அதிலிருந்து தொடங்கலாம்.

## மூன்று வேறு வேலைகள்

1. ஒரு மதத்துக்குள் பிள்ளையை வளர்ப்பது. ஞாயிறு பள்ளி, மறைக்கல்வி, திடப்படுத்தல் வகுப்பு எல்லாம் இந்த வகை. விசுவாசம் வேரூன்ற வேண்டும் என்பது இதன் நோக்கம்.

2. ஒரு மதத்தைப் பற்றிச் சொல்லித்தருவது. அந்த மதத்தார் எதை நம்புகிறார்கள், எப்படி வழிபடுகிறார்கள், ஏன் அப்படி வாழ்கிறார்கள் என்பதைப் புரியவைப்பது. யாரையும் நம்பவைப்பது இதன் வேலை இல்லை.

3. சொந்த விசுவாசத்துக்காக வாதாடுவது. வாலிபர் முகாம்களில் அப்பாலஜெடிக்ஸ் என்று சொல்கிறார்களே, அது. பிற கருத்துகளோடு ஒப்பிட்டு, எதிர்க்கேள்விகளுக்குப் பதில் சொல்லப் பழக்குவது.

அமெரிக்க அரசுப் பள்ளிகளில் இடம் உள்ளது இரண்டாவது வேலைக்குத்தான். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963-இல், பள்ளி நடத்தும் வேதாகம வாசிப்பு வழிபாட்டைத் தடைசெய்தபோதே, மதத்தைப் பற்றிய படிப்புக்கு அந்தத் தடை இல்லை என்றும் சொன்னது. ஐரோப்பியப் பாதுகாப்பு மற்றும் ஒத்துழைப்பு அமைப்பு 2007-இல் வெளியிட்ட டொலேடோ வழிகாட்டு நெறிகளும் இதே வேறுபாட்டின் மேல்தான் நிற்கின்றன.

சபை நடத்தும் வகுப்பின் நிலை வேறு. அங்கே மூன்று வேலைகளுக்கும் இடம் உண்டு, எல்லாம் ஒருவிதத்தில் தேவையும்கூட. சிக்கல் எப்போது வருகிறது என்றால், இரண்டாவது வேலையைச் செய்வதாகச் சொல்லிக்கொண்டு நேரே மூன்றாவதற்குத் தாவும்போது. இஸ்லாம் என்ன சொல்கிறது என்று ஐந்து நிமிடம், அது ஏன் தவறு என்று ஐம்பது நிமிடம். பல வகுப்புகள் இப்படித்தான் நடக்கின்றன.

"உலகப் பார்வை" என்ற சொல்லையும் இங்கேயே தெளிவுபடுத்திக்கொள்ளலாம். எது உண்மையில் இருக்கிறது, மனிதன் யார், வாழ்க்கையில் எது கோளாறாகிவிட்டது, அதற்குத் தீர்வு என்ன, இறந்தபின் என்ன என்ற கேள்விகளுக்கு ஒருவர் வைத்திருக்கும் பதில்களின் தொகுப்பு அது. அந்தப் பதில்களை அவர் ஒருபோதும் வாய்விட்டுச் சொல்லாமலேகூட இருக்கலாம். கோவிலோ பள்ளிவாசலோ போகாதவருக்கும் உலகப் பார்வை உண்டு.

## வேதாகமம் தடுக்கிறதா?

தடுக்கிறது என்பவர்கள் காட்டும் வசனம் உபாகமம் 12:30. அந்த ஜாதிகள் தங்கள் தேவர்களை எப்படிச் சேவித்தார்கள் என்று விசாரியாதே என்கிறது அது. வலுவான வசனம்தான், அதைச் சும்மா தாண்டிப்போகக்கூடாது. ஆனால் விசாரிப்பவரின் நோக்கத்தையும் அந்த வசனமே சொல்லிவிடுகிறது: நானும் அப்படியே செய்வேன் என்பதற்காக விசாரிப்பது. அடுத்த வசனத்தில் பிள்ளைகளை நெருப்பில் சுட்டெரிக்கும் பலியைப் பற்றிய பேச்சு வருகிறது. ஆகவே தடை, பின்பற்றுவதற்காகக் கேட்பதன் மேல் விழுகிறது.

இன்னொரு பக்கம் தானியேல் இருக்கிறார். முதல் அதிகாரத்தின்படி, அவரும் மூன்று நண்பர்களும் பாபிலோன் அரண்மனையில் கல்தேயரின் எழுத்தையும் மொழியையும் கற்க வைக்கப்பட்டார்கள். அந்தக் காலத்துப் பாபிலோனிய இலக்கியத்தில் தெய்வக் கதைகளும் சகுன சாஸ்திரமும் நிறைந்திருந்தன. அவர்கள் படிப்பை மறுக்கவில்லை. மறுத்தது ராஜாவின் போஜனத்தை. படிப்பில் அவர்களுக்குத் திறமை தந்தவர் தேவனே என்றும் 17-ஆம் வசனம் சொல்கிறது. எதைக் கற்கலாம், எதில் கலந்துகொள்ளக்கூடாது என்று கோடு போட்டுக்கொண்ட வாலிபர்கள் அவர்கள்.

பவுலின் ஏதென்ஸ் பேச்சு எல்லோருக்கும் தெரிந்தது, அப்போஸ்தலர் 17. நகரம் முழுக்க விக்கிரகங்களைக் கண்டு அவர் ஆவி வைராக்கியமடைந்தது என்று 16-ஆம் வசனத்தில் படிக்கிறோம். ஆனாலும் மார்ஸ் மேடையில் நின்றபோது அவர் கோபத்திலிருந்து தொடங்கவில்லை, தான் சுற்றிப் பார்த்த ஒரு பலிபீடத்திலிருந்து தொடங்கினார். "நாம் அவருடைய சந்ததி" என்று அவர் எடுத்துச்சொன்ன வரி கிரேக்கக் கவிஞர் அராத்தஸின் வானியல் கவிதையில் இருக்கிறது. அங்கே குறிக்கப்படுவது சேயுஸ் தேவன்! கேட்டவர்களில் ஸ்தோயிக்கர், எப்பிக்கூரர் என்ற இரண்டு கிரேக்கத் தத்துவப் பள்ளியினரும் இருந்தார்கள் என்று லூக்கா பெயர் சொல்லியே எழுதுகிறார். எதிரே நிற்பவர் யார், அவர் எதை வாசிக்கிறார் என்று தெரியாமல் அந்தப் பேச்சைப் பேசியிருக்க முடியாது.

மறுத்துப் பேசுவதற்கே என்றாலும் முதலில் படித்தாக வேண்டும் என்று உணர்ந்தவர்கள் பிற்காலத்திலும் உண்டு. பிரான்சின் குளூனி மடத்தின் தலைவர் பீட்டர், சிலுவைப்போர்க் காலத்தில், குர்ஆனை லத்தீனில் மொழிபெயர்க்கப் பணம் கொடுத்து ஏற்பாடு செய்தார். கெட்டன் ஊர் ராபர்ட் 1143-இல் அதை முடித்தார். மொழிபெயர்ப்பின் தரத்தைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் உண்டு. அது வேறு கதை.

## ஏன் குறிப்பாக இந்த வயதில்?

அமெரிக்க இறையியலாளர் ஜேம்ஸ் ஃபௌலர் 1981-இல் முன்வைத்த விசுவாச வளர்ச்சிப் படிநிலைகளில், பதின்ம வயதுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. இந்த வயதில் விசுவாசம் பெரும்பாலும் சுற்றியிருப்பவர்களிடமிருந்து வாங்கியதாகவே இருக்கிறது. அதை வெளியே நின்று பரிசோதிக்கும் கட்டம் பொதுவாக இதற்கு அப்புறம்தான் வரும். அந்தப் படிநிலைகள் எல்லாருக்கும் அப்படியே பொருந்தாது என்ற விமர்சனம் இருந்தாலும், கவனித்துப் பார்க்கும் எந்தப் பெற்றோருக்கும் இந்தக் குணம் தெரிந்ததுதான். வீட்டை விட்டுக் கல்லூரிக்கோ வேலைக்கோ போகும்போது பரிசோதனை தானாகத் தொடங்கிவிடும். பிற மதத்தை முதன்முதலில் யாரிடமிருந்து கேட்கப்போகிறார்கள் என்பது மட்டுமே நம் கையில் இருக்கும் தேர்வு.

உளவியலாளர் வில்லியம் மெக்குவையர் 1960-களின் தொடக்கத்தில் செய்த சோதனைகள் இங்கே உதவும். யாருமே எதிர்த்துப் பேசிக் கேட்டிராத கருத்துகளை அவர் எடுத்துக்கொண்டார். சாப்பிட்டபின் பல் துலக்குவது நல்லது என்பது போன்றவை. ஒரு பிரிவினருக்கு அந்தக் கருத்துக்கு ஆதரவான வாதங்களை மட்டும் கொடுத்தார். இன்னொரு பிரிவினருக்குச் சில எதிர்வாதங்களையும் அவற்றுக்கான பதில்களையும் கொடுத்தார். பிறகு கடுமையான எதிர்வாதம் வந்தபோது, ஆதரவு மட்டுமே கேட்டவர்கள் எளிதில் ஆட்டம் கண்டார்கள். எதிர்வாதத்தை முன்பே சந்தித்தவர்கள், அதுவரை கேட்டிராத புது எதிர்வாதத்தையும் தாக்குப்பிடித்தார்கள். தடுப்பூசிக் கோட்பாடு என்று இதற்குப் பெயர்.

பாதுகாப்பாக வளர்க்கிறோம் என்று எதையும் காட்டாமல் வைப்பது எதிர்பாராத விளைவைத் தரலாம் என்பதற்கு இது நல்ல ஆதாரம். ஆனால் இந்த உவமையை ரொம்ப தூரம் இழுத்துக்கொண்டு போகக்கூடாது. தடுப்பூசி என்று சொன்னதும் எதிரில் இருப்பது நோய் என்றாகிவிடும். பக்கத்து இருக்கை நண்பனின் விசுவாசத்தை நோய்க்கிருமியாகப் பார்க்கப் பழக்கப்பட்ட பிள்ளையால் அவனோடு ஒரு நேர்மையான உரையாடல்கூட நடத்த முடியாது. அயலானை நேசி என்ற கட்டளைக்கும் அங்கே இடமிருக்காது.

முதல் குரலுக்கும், அதாவது "நம் வேதமே தெரியாதே" என்பதற்கும், பதில் சொல்ல வேண்டும். அந்தக் கவலை நியாயமானது. அமெரிக்காவில் 13 முதல் 17 வயதுள்ள 3,000-க்கும் அதிகமானவர்களிடம் நடத்திய ஆய்வின் முடிவுகளை சமூகவியலாளர்கள் கிறிஸ்டியன் ஸ்மித்தும் மெலிண்டா டென்டனும் 2005-இல் வெளியிட்டார்கள். பலருக்குத் தாங்கள் எதை நம்புகிறோம் என்று வாயால் சொல்லவே வரவில்லை. சொன்னதும் பெரும்பாலும் இவ்வளவுதான்: கடவுள் ஒருவர் இருக்கிறார், நல்லவனாக இரு, சந்தோஷமாக இரு, கஷ்டம் வந்தால் அவரைக் கூப்பிடு. சிலுவையும் உயிர்த்தெழுதலும் திரித்துவமும் அதில் எங்கே என்று தேட வேண்டியிருந்தது. திரித்துவம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளைக்கு, இஸ்லாம் அதை ஏன் மறுக்கிறது என்பதும் புரியாது. அதனால் இரண்டு பாடங்களும் கைகோத்துப் போக வேண்டும். பார்க்கப்போனால், ஒப்பிடும்போதுதான் சொந்த உபதேசமே பலருக்கு முதல்முறையாக விளங்குகிறது.

## கேலிச்சித்திரம் என்ற பெரிய ஆபத்து

சபை வகுப்புகளில் உண்மையான பிரச்சினை இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகள் மதம் மாறிவிடுவார்களோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். நாம் தவறாகச் சொல்லிக்கொடுத்துவிடுவோமோ என்று பயப்படுபவர்கள் குறைவு.

வழக்கமாக நடக்கும் பிழைகள் சில:

1. "முஸ்லிம்கள் முகமதுவை வணங்குகிறார்கள்." இல்லை. நபியை வணங்குவது இஸ்லாத்தின்படி பெரும்பாவம். "அல்லாஹ் என்பது வேறொரு தெய்வத்தின் பெயர்" என்று சொல்வதும் உண்டு. அரபு பேசும் கிறிஸ்தவர்கள் தங்கள் வேதாகமத்தில் தேவனை அல்லாஹ் என்றே வாசிக்கிறார்கள். குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்துக்கு மரியாளின் பெயர். இயேசு கன்னியிடம் பிறந்தார், அவர் மேசியா, அற்புதங்கள் செய்தார் என்பதையெல்லாம் குர்ஆன் ஏற்கிறது. அவர் தேவகுமாரன் என்பதையும் சிலுவையில் அறையப்பட்டதையும் மறுக்கிறது. சிலுவையைப் பற்றிய மறுப்புக்கு 4:157 முக்கியமான வசனம். பாடம் நிற்க வேண்டிய இடம் அதுதான், ஏனென்றால் கிறிஸ்தவ விசுவாசத்தின் மையமும் அதே இடம்.

2. "யூத மதம் என்றால் பழைய ஏற்பாடு, இயேசு மட்டும் இல்லை." கி.பி. 70-இல் எருசலேம் ஆலயம் இடிந்தபின், பலி இல்லாத வழிபாடும் ரபீக்களின் வேத விளக்க மரபும் வளர்ந்து, சுமார் கி.பி. 200-இல் அந்த ரபீக்களின் சட்ட மரபுகளைத் திரட்டிய மிஷ்னா என்ற நூல் தொகுக்கப்பட்டது. இன்றைய யூதர் வாழ்வது அந்த மரபில். பரிசேயரை மாய்மாலக்காரர் என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடும் பாடங்கள் ஒரு மக்களினத்தின் மேலேயே வெறுப்பை வளர்த்த வரலாறும் உண்டு.

3. "இந்துக்களுக்கு எல்லாமே கடவுள்." கடவுளும் ஆன்மாவும் ஒன்றே என்னும் சங்கரரின் அத்வைதத்தை மட்டும், அதையும் சுருக்கி, முழு இந்து சமயமாகக் காட்டும் பிழை இது. கடவுளும் ஆன்மாவும் என்றென்றும் வேறு என்பது மத்வரின் துவைதம். ராமானுஜரின் விசிஷ்டாத்வைதம் இன்னொரு வழி.

4. "புத்தரைக் கடவுளாகக் கும்பிடும் மதம் பௌத்தம்." படைத்த கடவுள் என்ற கருத்தே இல்லாமல், துக்கமும் அதன் காரணமும் அதன் முடிவும் என்ற கேள்வியிலிருந்து அது தொடங்குகிறது.

5. "கிருபை கிறிஸ்தவத்தில் மட்டும்தான், மற்ற எல்லாம் சொந்தக் கிரியையால் இரட்சிப்பு தேடும் மதங்கள்."

இந்த ஐந்தாவதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எல்லா வாலிபர் வகுப்பிலும் வரும் வாக்கியம் இது. கேட்க அழகாகவும் இருக்கும். ஆனால் சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவின் விடுதலை இறைவனின் அருளின்றி இல்லை. வைணவத்தில் சரணாகதி இருக்கிறது. தன் முயற்சியைக் கைவிட்டு ஆண்டவனின் இரக்கத்தில் முழுதாகச் சாய்வது அது. ஜப்பானில் ஷின்ரான் (1173–1263) தொடங்கிவைத்த பௌத்த மரபு, சொந்த பலத்தை நம்பாமல் அமிதா புத்தரின் வல்லமையை மட்டும் நம்பச் சொல்கிறது. இவற்றில் ஒன்றையாவது அறிந்த நண்பன் ஒருவன் கிடைத்தால் போதும், நம் வாலிபனின் அந்த வாக்கியம் அங்கேயே விழுந்துவிடும். கூடவே இன்னொன்றும் விழும்: அதைச் சொல்லிக்கொடுத்தவர் மேல் இருந்த நம்பிக்கை. "இதில் தவறாகச் சொன்னவர் உயிர்த்தெழுதலைப் பற்றிச் சரியாகத்தான் சொல்லியிருப்பாரா?" என்று பிள்ளை யோசிக்கத் தொடங்குவது இங்கேதான்.

சரி, அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது. அதை வேறு இடத்தில் தேட வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் பெரிய சீர்திருத்த சபை இறையியலாளர் கார்ல் பார்த், ஷின்ரானின் மரபை எடுத்துப் பேசியபோது, கிருபை என்ற அமைப்பு வேறு இடத்திலும் இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார். கிறிஸ்தவத்தைத் தனித்து நிறுத்துவது இயேசு கிறிஸ்து என்ற பெயர் ஒன்றே என்பது அவர் முடிவு. கிருபை யாரால் வருகிறது, வரலாற்றில் நடந்த எந்த நிகழ்வின் வழியாக வருகிறது, மனிதனின் நோய் அறியாமையா, பந்தமா, பாவமா என்று கேட்டால் வித்தியாசங்கள் கூர்மையாகத் தெரியும். கேலிச்சித்திரத்தைக் கைவிட்டதால் விசுவாசம் மங்கவில்லை; எதைப் பேச வேண்டுமோ அது இப்போதுதான் பேச்சுக்கு வருகிறது.

இதில் ஒழுக்கப் பிரச்சினையும் இருக்கிறது. உலகத் திருச்சபைகள் மன்றம், வத்திக்கானின் மதங்களிடை உரையாடல் பேரவை, உலக இவாஞ்சலிக்கல் கூட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து 2011-இல் ஓர் ஆவணம் வெளியிட்டன. எதிலும் எளிதில் ஒத்துப்போகாத மூன்று தரப்புகள் இவை! பல மதங்கள் உள்ள உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும்போது, பிற மதங்களைப் பற்றிப் பொய்சாட்சி சொல்லக்கூடாது என்று அது எச்சரிக்கிறது. பத்துக் கட்டளைகளில் ஒன்று பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

## மற்ற மதத்தாரின் இரட்சிப்பு: சபைகள் என்ன சொல்கின்றன?

எந்த வகுப்பிலும் முதல் அரைமணியிலேயே ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "அப்போ என் ஃப்ரெண்ட் நரகத்துக்குப் போவானா?" இதற்குக் கிறிஸ்தவர்களிடையே மூன்று வகைப் பதில்கள் உண்டு என்று இறையியலாளர் ஆலன் ரேஸ் 1983-இல் வகைப்படுத்தினார். கிறிஸ்துவை அறிந்து விசுவாசிப்பவருக்கே இரட்சிப்பு என்பது ஒன்று. இரட்சிப்பு கிறிஸ்துவால்தான், ஆனால் அவரை வெளிப்படையாக அறியாதவரையும் அது எட்டலாம் என்பது இரண்டாவது. எல்லா மதங்களும் ஒரே மெய்ப்பொருளை நோக்கிய வழிகள் என்பது மூன்றாவது, இதற்குப் பன்மைவாதம் என்று பெயர்.

கத்தோலிக்கத் திருச்சபையின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று, பிற மதங்களில் உண்மையாகவும் தூய்மையாகவும் உள்ள எதையும் தள்ளுவதில்லை என்று அறிவித்தது. அதே பத்தியில் கிறிஸ்துவே வழியும் சத்தியமும் ஜீவனும் என்று அறிவிக்கும் கடமையையும் வைத்தது. இவாஞ்சலிக்கல் சபைகளின் 1974 லொசான் உடன்படிக்கை, இயற்கையின் வழியாக எல்லோருக்கும் தேவனைப் பற்றி ஓரளவு அறிவு உண்டு, ஆனால் அது இரட்சிக்கப் போதாது என்கிறது. வகுப்பெடுப்பவர் தம் சபையின் பதிலைத் தெளிவாகச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். மற்ற பதில்களும் உண்டு என்பதை மறைத்தால், இணையத்தில் பிள்ளை அதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் ஆகாது.

"எல்லா மதமும் ஒன்றுதான்" என்ற இரண்டாவது குரலுக்கும் இங்கேதான் பதில். யானையைத் தடவிப் பார்த்த பார்வையற்றவர்களின் கதையை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். தென்னிந்தியாவில் பிஷப்பாக இருந்த லெஸ்லி நியூபிகின் அதில் ஒரு விஷயத்தைக் கவனித்தார்: அவர்கள் தொட்டது யானையின் ஒரு பகுதி மட்டுமே என்று சொல்ல, முழு யானையையும் பார்க்கும் ஒருவர் கதையில் இருக்க வேண்டும். அப்படியானால் அடக்கமாகத் தோன்றும் அந்த வாக்கியத்துக்குள் மற்ற எல்லோரையும்விட அதிகம் தெரியும் என்ற உரிமைகோரல் ஒளிந்திருக்கிறது. இதனால் பன்மைவாதம் பொய் என்று நிரூபணமாகிவிடாது. ஆனால் அது நடுநிலை மேடை இல்லை, அதுவும் ஓர் உலகப் பார்வைதான் என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

## பெயர்ப்பலகை இல்லாத மதங்கள்

வாலிபரை அதிகம் உருவாக்குவது இவைதான் என்பது என் கணிப்பு. "உனக்கு எது சரியோ அதுவே சரி", "உன் உண்மையான 'நான்' யார் என்று உள்ளே தேடு", "அறிவியல் நிரூபிக்காத எதையும் நம்பத் தேவையில்லை" என்ற வாக்கியங்கள் குறும்படமாகவும் பாட்டாகவும் விளம்பரமாகவும் நாள் முழுக்க வருகின்றன. யாரும் அவற்றை மதம் என்று சொல்வதில்லை. ஆனால் மனிதன் யார், தீர்வு என்ன என்ற அதே கேள்விகளுக்கு அவை பதில் வைத்திருக்கின்றன. கடைசி வாக்கியத்தை எடுத்துக்கொண்டு "இந்த வாக்கியத்தை எந்தச் சோதனைக்கூடத்தில் நிரூபித்தார்கள்?" என்று கேட்டால் வகுப்பே விழித்துக்கொள்ளும். நாத்திகத்தையும் இதே நேர்மையோடுதான் சொல்ல வேண்டும்: குழந்தைகள் படும் துன்பத்தைக் கண்டு கடவுளை மறுத்தவரை, பாவம் செய்யச் சுதந்திரம் தேடியவராகச் சித்திரிப்பதும் பொய்சாட்சிதான்.

## வகுப்பை எப்படி அமைப்பது?

1. முதலில் விவரி, அப்புறம் ஒப்பிடு, கடைசியில் மதிப்பிடு. இந்த மூன்றையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம்.

2. அந்த மதத்தாரின் சொந்த நூல்களிலிருந்தும் சொந்தக் குரலிலிருந்தும் எடு. எதிர்ப்பாளர்கள் எழுதியதை மட்டும் வைத்துப் பாடம் தயாரிக்காதே. சுவீடனின் ஸ்டாக்ஹோம் பிஷப்பாக இருந்த கிறிஸ்டர் ஸ்டெண்டாலின் மூன்று விதிகளில் முதல் இரண்டு இவை: அந்த மதத்தாரிடமே கேள், எதிரிகளிடம் கேட்காதே; உங்கள் சிறந்ததை அவர்களின் மோசமானதோடு ஒப்பிடாதே. மூன்றாவது, அவர்களிடம் பார்த்து ஏங்கும்படியான ஒன்றுக்கு மனதில் இடம் வைப்பது. அதைச் சில சபைகள் தாண்டிப்போகும், போகட்டும். முதல் இரண்டும் யாருக்கும் தேவை.

3. கோட்பாட்டோடு நின்றுவிடாதே. நோன்பு, ஜெபம், திருமணம், அடக்கம், கலை எல்லாம் மதம்தான். பெரும்பாலான மக்கள் தங்கள் மதத்தைத் தத்துவ நூலில் படிப்பதில்லை, வீட்டில் வாழ்கிறார்கள்.

4. பிள்ளையிடம் ஒரு வேலை கொடு: அந்த மதத்தார் ஒருவர் "ஆமாம், நான் நம்புவது இதுதான்" என்று தலையாட்டும்படி ஒரு பத்தி எழுது. மறுப்பு எழுதுவதற்கு முன் இது முடிந்திருக்க வேண்டும். சொல்ல எளிது, எழுதப் பார்த்தால்தான் கஷ்டம் தெரியும்.

## வழிபாட்டு இடத்துக்கு அழைத்துப் போகலாமா?

கவனிப்பதும் கலந்துகொள்வதும் வேறு வேறு. ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது, கேள்வி கேட்பது ஒன்று. வணங்குவதும் படைத்ததை உண்பதும் இன்னொன்று. 1 கொரிந்தியர் 8 முதல் 10 வரை பவுல் இந்தக் கோட்டைத்தான் தேடுகிறார். அங்கே பலவீனமான மனச்சாட்சி உள்ளவருக்குத் தனி அக்கறை காட்டுகிறார். 2 இராஜாக்கள் 5-இல், எஜமானோடு ரிம்மோன் கோவிலுக்குப் போகவேண்டியிருக்கும் நாகமானிடம் எலிசா கண்டிப்பு எதுவும் சொல்லவில்லை, சமாதானத்தோடே போ என்றார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் நடைமுறை விதி கிடைக்கும்: பெற்றோரின் சம்மதம் முன்கூட்டியே வாங்கவேண்டும், வர விரும்பாத பிள்ளையைக் கட்டாயப்படுத்தக்கூடாது, விருந்தாளிகளாகப் போகிறோம் என்பதால் அங்கே போய் வாதம் செய்யக்கூடாது.

## சந்தேகம் வந்தால்?

வரும். வராமல் இருந்தால்தான் பிள்ளைகள் கேட்கவில்லை என்று அர்த்தம். 1 பேதுரு 3:15 கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. அந்தச் சாந்தம் வெளியாருக்கு மட்டுமானது இல்லை, சொந்த வகுப்பில் கைதூக்கும் பிள்ளைக்கும் உரியது. பதில் தெரியாத கேள்விக்கு "தெரியாது, அடுத்த வாரம் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி, சொன்னபடி வந்து சொல்வது போதும். "இப்படியெல்லாம் கேட்கக்கூடாது" என்று ஒருமுறை சொன்னால், அந்தக் கேள்வி இனி அந்த அறையில் வராது, வேறு எங்காவது போகும்.

வகுப்பெடுப்பவர் தன் குறிப்புகளைப் பாடத்துக்கு முன்பே அந்த மதத்தைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கிவிடலாம். எங்கெங்கே திருத்தினார் என்பதை அழிக்காமல் அப்படியே வைத்திருந்தால், கவலையோடு வரும் பெற்றோரிடம் காட்டவும் பயன்படும், அடுத்த ஆண்டு பாடம் எடுப்பவருக்கும் பாதி வேலை குறையும்.